எது பின்னணி?

பேரணாம்பட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோல் வாடை தெரியாது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண் முதல் வாரம் முழுவதும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டாள். உப்பிட்ட பச்சைத் தோலின் நெடியும், சுண்ணாம்புத் தொட்டியின் காரமும், சாக்கடையோரத்து அழுகிய முட்டை வாடையும் அவளைப் படுத்திவிடும். இரண்டு திங்கள் கழிந்தபின், "இப்போதெல்லாம் வாடையே வருவதில்லையே, டேனரிகளை மூடிவிட்டார்களா?" என்று அவளே மாமியாரிடம் கேட்பாள். டேனரிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூக்குதான் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாழ்வதற்கு இப்படியொரு மறதி வேண்டியிருக்கிறது. ஆயினும் இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. எப்பொழுதும் நம்மைச் சூழ்ந்திருப்பதை நாம் உணர்வதில்லை. அப்படியானால், மிக மெல்லியதும் மிக அரியதுமான ஒன்று நம்மிடம் வந்து சேரும்போது, வந்தது அதுதானா, அல்லது நம்மைச் சூழ்ந்த பழைய வாடையின் இன்னொரு வீச்சா என்று எவ்வாறு அறிவோம்? மெய்யியலாளர்கள் இக்கேள்வியை நெடுங்காலமாகச் சொற்களால் கேட்டு வந்துள்ளனர். இயற்பியலாளர்களுள் ஒரு சாரார் அதனைச் செம்பாலும் காரீயத்தாலும், ஆண்டுக்கணக்கான பொறுமையாலும் கேட்டு வருகின்றனர். அவர்களின் கதையில் ஓர் அத்தியாயம், நம் ஊரிலிருந்து மலையேறினால் எட்டிவிடக்கூடிய இடத்தில் நிகழ்ந்தது.

பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி, வெங்கடகிரிக்கோட்டையைக் கடந்து போனால் கோலார் தங்கவயல். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், தங்கவயலில் ஓர் உறவினராவது இல்லாத சிற்றூர்கள் குறைவு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள்முதல், பஞ்சத்திற்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிச் சென்ற நம் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இறங்கிப் பாறையைக் குடைந்தார்கள். பாறை வெடித்துச் சிதறி மாண்டவர்களும், கல்தூசு நுரையீரலில் படிந்து மெல்ல மெல்ல மாண்டவர்களும் பலர். அவர்கள் குடைந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது.

அந்த ஆழத்தைத் தேடித்தான் அறிவியல் அங்கே வந்தது. விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் இடைவிடாமல் நம்மேல் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவை காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் என்னும் துகள்கள், தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. விரித்த உள்ளங்கை வழியாக இந்த நிமிடத்தில் நூறு மியூவான்கள் ஊடுருவிப் போயிருக்கும். 1951இல் ஹோமி பாபாவின் தூண்டுதலால், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இளைஞரான பி. வி. ஸ்ரீகண்டன் தங்கவயலுக்குச் சென்று, ஆழம் செல்லச் செல்ல இம்மழை எவ்வாறு குறைகிறது என்று அளக்கத் தொடங்கினார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தபோது, இரண்டு திங்கள் காலமும் ஒரு மியூவான்கூட அதில் பதியவில்லை.

பதியாமை என்பது வேறோர் இடத்தில் தோல்வியாக இருந்திருக்கும். இங்கே அதுவே பேறாயிற்று. இவ்வளவு மௌனமான இடத்தில் ஒரு மணி அடித்தால், அதை அடித்தது மேலிருந்து வந்த மியூவானாக இருக்க முடியாது. பூமியையே துளைத்து வரும் நியூட்ரினோவாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்கள் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அமைத்த கருவியில் அந்த மணி அடித்தது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை மனிதர் முதன்முதலாகக் கண்ட இரண்டு இடங்களுள் ஒன்று நம் உறவினர்கள் குடைந்த அந்தச் சுரங்கம். மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கம்.

இனி ஜெர்மானியத்திற்கு வருவோம். அது சாம்பல் நிறத்து ஒரு தனிமம். டிரான்சிஸ்டர் வானொலி வந்த காலத்தில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் ஐசோடோப்புகளுள் ஒன்றான ஜெர்மானியம் 76க்கு ஓர் அரிய இயல்பு உண்டு. அதன் அணுக்கருவிலுள்ள இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாக மாறி, இரண்டு எலெக்ட்ரான்களையும் நியூட்ரினோ இனத்துகள் இரண்டையும் வெளிவிடும். இதன் அரை ஆயுட்காலம் இரண்டுக்குப் பின் இருபத்தொரு சுழிகள் இட்ட எண்ணிக்கையிலான ஆண்டுகள். அண்டத்தின் வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டு மட்டுமே என்பதை நினைத்தால் இந்த எண்ணின் பருமன் விளங்கும்.

இயற்பியலாளர் தேடுவது இதுகூட அன்று. இதனினும் அரிய ஒன்று. 1937இல் எத்தோரே மயோரானா என்ற சிசிலி நாட்டு இளைஞர், நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளாக இருக்கக்கூடும் என்று எழுதினார். அது மெய்யானால், என்றேனும் ஒருமுறை ஜெர்மானியம் 76இல் நியூட்ரினோ எதுவும் வெளிவராமல் இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் வெளிவர வேண்டும். அவற்றின் ஆற்றலைக் கூட்டினால் மிகச் சரியாக 20 இலட்சத்து 39 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் வர வேண்டும். அந்த ஒரு கூட்டுத்தொகைக்காகத்தான் இத்தனை பாடு. பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் பிறந்து ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டிய அண்டத்தில் பொருள் மட்டும் எப்படி எஞ்சியது, நாம் ஏன் இருக்கிறோம் என்ற கேள்விக்கு விடையின் ஒரு நுனி அதில் இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். 1967இல் மிலான் நகரத்து எத்தோரே ஃபியோரினி ஓர் எளிய வழியைக் கண்டார்: ஜெர்மானியப் படிகமே கதிர்வீச்சை அளக்கும் கருவியாகவும் பயன்படுவதால், சிதையும் பொருளும் அதைக் கேட்கும் காதும் ஒன்றாகவே இருக்கட்டும் என்பது அவ்வழி.

காது கிடைத்துவிட்டது. பேரணாம்பட்டு மூக்கின் தொல்லை இனிமேல்தான்.

அந்தக் காதுக்குக் கேட்காதது எதுவும் இல்லை. மண்ணிலும் செங்கல்லிலும் யுரேனியம், தோரியம் அணுக்கள் சிதைகின்றன. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மிகுந்துள்ள தோரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழித்தோன்றல்களுள் ஒன்று வெளிவிடும் காமாக் கதிரின் ஆற்றல் 26 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்; தேடும் எண்ணைவிட மிகுதி. வழியில் சிறிது ஆற்றலை இழந்து வந்தால், அது நாம் தேடும் எண்ணின் வேடத்தையே பூண்டு வந்து நிற்கும். பாறையிலிருந்து ரேடான் என்னும் வாயு கசிகிறது. கருவியருகில் நிற்கும் ஆய்வாளரின் உடலிலேயே, ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ நான்காயிரம் பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. கேட்க வந்தவரே இரைச்சல்.

ஆகவே காரீயத்தால் சுவர் எழுப்புகிறார்கள். காரீயமும் தூயதன்று. புதிதாக உருக்கிய காரீயத்தில் 22 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட ஒரு கதிரியக்கக் காரீயம் கலந்திருக்கும். அது அடங்கச் சில நூற்றாண்டுகள் வேண்டும். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் தெல்லூரியத்தைக் கொண்டு இதே தேடலை நடத்தும் குழுவினர் ஒரு விந்தையான வழியை நாடினர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சார்தீனியாத் தீவருகே மூழ்கிய ஓர் உரோமைக் கப்பலில் காரீயக் கட்டிகள் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. அக்கப்பலை அகழ்ந்தெடுக்க இத்தாலிய அணுக்கரு இயற்பியல் கழகம் பொருளுதவி செய்து, கைம்மாறாகக் கட்டிகள் சிலவற்றைப் பெற்றது. முத்திரை எழுத்துப் பொறித்த பகுதிகளை வெட்டி அருங்காட்சியகத்திற்கென வைத்துவிட்டு, எஞ்சியதை உருக்கினார்கள். தொல்லியலாளர் சிலர் இதை ஏற்கவில்லை. நானும் தயங்குகிறேன். முன்னோர் விட்டுச் சென்ற பொருளை அடுத்த தலைமுறையின் அறிவுக்காக அழிக்கலாமா என்ற வினாவுக்கு எழுத்தை மட்டும் வெட்டி வைத்தது முழு விடையாகாது. விடையே தராமல் விட்டதைவிட மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

செம்பின் கதையும் இதுவே. தரைமட்டத்தில் வைத்த செம்பில் அண்டக் கதிர் பட்டுக் கோபால்ட் பிறக்கிறது என்பதற்காக, அமெரிக்காவின் தென் டகோட்டாவிலுள்ள பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலேயே தொட்டி வைத்து, மின்முலாம் பூசுவதுபோல் அணு அணுவாகச் செம்பை வளர்த்தெடுத்தார்கள். ஜெர்மானியத்திற்கும் அதே கதி. அது நிலத்தின்மேல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அண்டக் கதிர் பட்டுக் கறைபடுகிறது. விமானத்தில் அனுப்பினால் உயரத்தில் கதிர் இன்னும் மிகுதி. ஆதலால் இரும்புக் கவசப் பெட்டியில் வைத்துத் தரைவழியாகவும் கடல்வழியாகவும் கொண்டுசெல்கிறார்கள். வந்த வழியெல்லாம் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்து அழியச் சில ஆண்டுகள் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தக் காத்திருப்பு உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் வெள்ளீயம் 124இல் இதே அரிய சிதைவைத் தேடும் திட்டமொன்றை வகுத்துள்ளனர். அதற்கு வேண்டிய நுண்ணிய வெப்பமானி, அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கப்பட்ட ஜெர்மானியம். தாக்கினால்தான் அது வெப்பமானியாகும். தாக்கியதாலேயே அதில் கதிரியக்க மாசும் சேரும். அந்த மாசை அளக்க மும்பையிலேயே, செம்பும் காரீயமும் அடுக்கி, ரேடானை விரட்ட நைட்ரஜன் வாயு செலுத்தி, தூய ஜெர்மானியக் கருவி ஒன்றை அமைத்தனர். மேற்பரப்பைச் சீவியெடுத்தால் ஒரு பகுதி மாசு போய்விடும் என்றும், எஞ்சியது அடங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு சும்மா வைத்திருக்க வேண்டும் என்றும் கண்டனர். பச்சைத் தோலின் உட்பக்கத்துச் சதையைச் சீவியபின் தொட்டியில் ஊறப்போட்டுக் காத்திருக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு இதில் வியப்பிராது. காத்திருப்பதும் வேலையின் பகுதி என்று அவருக்குத் தெரியும்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் இரைச்சல். செம்பும் காரீயமும் தடுக்க முடியாத ஓர் இரைச்சல் இருக்கிறது. அது ஆசை.

1990 முதல் 2003 வரை கிரான் சாஸோவில், ஹைடல்பெர்க்கிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் வந்த அறிஞர்கள் ஐந்து ஜெர்மானியப் படிகங்களைக் கொண்டு ஒரு சோதனையை நடத்தினர். அக்காலத்தில் அதற்கு நிகரானது இல்லை. 2001இன் இறுதியில் அக்குழுவில் சிலர் மட்டும், தேடிய எண்ணருகே ஒரு சிறு மேட்டைக் கண்டதாக அறிவித்தனர். குழுவின் மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரே கருவி, ஒரே பதிவுகள். ஒருவருக்கு மெய்யாகத் தோன்றியது மற்றவருக்குப் பின்னணியின் ஏற்ற இறக்கமாகத் தோன்றியது. அறிவித்தவர்கள் பொய்யர் அல்லர். அவர்களைவிடத் திறமையாக இக்கருவிகளைக் கையாண்டவர் அந்நாளில் யார்? அதனால்தான் இது அறநெறிக் கேள்வியாகிறது. பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளை இவ்விடத்தில் நமக்கு உதவுவதில்லை. மனமறிந்து பொய் சொல்லாதவன் மெய்யைத்தான் சொல்கிறானா?

என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் செய்முறை. விடை 9.8 என்று முன்பே தெரியும். இருபது அளவீடுகள் எடுத்தேன், சராசரி 9.3 அருகில் நின்றது. கை நடுங்கியது, கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தினேன் என்று காரணம் கண்டு ஐந்தை அடித்துவிட்டேன். விடை 9.7 ஆயிற்று, பாராட்டும் கிடைத்தது. அடித்த ஐந்திலும் கை நடுங்கியது உண்மைதான். பொருந்தி வந்த பதினைந்தில் நடுங்கியதா என்று நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஏமாற்று என்று அப்போது என்னிடம் யாரேனும் சொல்லியிருந்தால் மனம் புண்பட்டிருப்பேன்.

அதே கிரான் சாஸோவில், அந்த அறிவிப்பைச் சோதிக்கவே கெர்டா என்ற புதிய சோதனை 2011இல் அளவெடுக்கத் தொடங்கியது. படிகங்களைக் கவசமின்றித் திரவ ஆர்கானில் மூழ்க வைத்தது முதலான அதன் நுட்பங்கள் பல. அவற்றைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒரு கட்டு. தேடும் எண்ணின் இருபுறமும் 20 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் அகலத்திற்கு விழும் பதிவுகளை எவரும் பார்க்க முடியாதபடி கணிப்பொறியில் மறைத்துவிட்டார்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது, பின்னணி எவ்வளவு இருக்கும் என்பதையெல்லாம் மற்ற பகுதிகளைக் கொண்டு முடிவு செய்து எழுதி வைத்த பின்னரே 2013இல் திரையை விலக்கினார்கள். எண்ணை ஒட்டிய குறுகிய வெளியில், பழைய அறிவிப்பு மெய்யானால் ஏறத்தாழ ஆறு நிகழ்வுகளும், அவற்றோடு பின்னணியாக இரண்டும் இருந்திருக்க வேண்டும். இருந்தவை மூன்று. பின்னணிக்குச் சற்றே மேல். ஆறு கூடுதலாக வந்ததற்கு அடையாளமே இல்லை.

அவர்கள் தங்கள் கண்களைத் தாங்களே கட்டிக்கொண்டது நேர்மையில் குறைந்தவர்கள் என்பதாலா? நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கையே போதாது என்று கண்டதால். எங்கள் தெருவில் தோல் தரம் பிரிக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். பதனிட்ட தோலைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, தழும்பு, உண்ணிக்கடி, கத்திக் கீறல் பார்த்து வகைவகையாக அடுக்குவார். வேலை தொடங்குமுன் கட்டின் மேலுள்ள வியாபாரியின் குறியைத் துணிபோட்டு மூடும்படி பையனிடம் சொல்வார். ஏன் பாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். "யாரு தோலுன்னு தெரிஞ்சா கண்ணு அந்த ஆளத்தான் பாக்கும் தம்பி, தோலப் பாக்காது" என்றார். அவர் யாரிடமும் கையூட்டு வாங்கியதாக ஊரில் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவருக்குத்தான் துணி தேவைப்பட்டது.

இதுவரை சொன்னதைக் கொண்டு, பின்னணியைக் களைந்தால் உண்மை கிட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் போலத் தோன்றும். தங்கவயலின் கதை அப்படி வரவிடவில்லை.

1980இல் அதே சுரங்கத்தில் 140 டன் எடையில் புதிய கருவி ஒன்று அமைக்கப்பட்டது. இம்முறை தேடியது, புரோட்டான் சிதைகிறதா என்பதை. அதற்குத் தடையாக நின்ற பின்னணி எது தெரியுமா? 1965இல் எந்தச் சுரங்கத்தில் கண்டு உலகம் மகிழ்ந்ததோ அந்த வளிமண்டல நியூட்ரினோ. பதினைந்து ஆண்டுக்குமுன் புதையலாயிருந்தது இப்பொழுது குப்பை. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கோலார்க் குழுவினர் சில நிகழ்வுகளை வெளியிட்டனர்; பின்னர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த மிகப் பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. அந்த ஜப்பானியக் கருவியும் புரோட்டான் சிதைவைத் தேடவே கட்டப்பட்டது. அதற்கும் இடைஞ்சல் அதே நியூட்ரினோ. ஆனால் அங்கிருந்தவர்கள் இடைஞ்சலைப் பொறுமையாக எண்ணினார்கள். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. குப்பை ஏன் குறைகிறது என்று கேட்டுக்கொண்டே போனதில், நியூட்ரினோக்கள் வழியில் உருமாறுகின்றன என்பது 1998இல் நிலைநாட்டப்பட்டது. 2015இல் நோபல் பரிசு வந்தது. தேடிய புரோட்டான் சிதைவு இன்றுவரை கிட்டவில்லை.

ஆக, பின்னணி என்பது ஒரு பொருளின் பெயரன்று. தேடுபவன் ஒரு பொருளுக்குச் சூட்டும் பெயர். ஜெர்மானியத்திலும் இதே நிலைதான். இரண்டு நியூட்ரினோவுடன் நிகழும் சிதைவை அளக்க முடிந்ததே ஒரு காலத்தில் பெரும் சாதனை. இன்று அதுவும் களையப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பொட்டாசியம் இயற்பியலாளருக்கு இரைச்சல். நம் இதயம் துடிப்பது அது இருப்பதால். ஆகையால் நல்ல ஆய்வாளர் பின்னணியை வெறுப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது, எத்தனை, எந்த ஆற்றலில் என்று ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அறிந்த பிறகே அதைக் கழிக்கிறார். அறியாமல் கழிப்பது என் ஊசல் கணக்கு.

இந்த ஒழுக்கம் ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டியதும் என்னவாகிறது என்பதே என்னை உறுத்துகிறது. தங்கவயல் கைவிட்டுப் போனபின், நம் நாட்டு நியூட்ரினோ ஆய்வுக்குத் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்தனர். மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம்; எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை. மேற்சொன்ன வெள்ளீயச் சோதனையையும் அங்கே நடத்த எண்ணம். அந்த மலையின் பாறைத் துண்டுகளை மும்பைக்குக் கொண்டுசென்று, அவற்றில் பொட்டாசியம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு, தோரியம் எவ்வளவு என்று ஜெர்மானியக் கருவியில் தனித்தனியே அளந்தார்கள். 2015 சனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி உரூபாய்த் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மக்களின் எதிர்ப்பு வளர்ந்தது, வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து நின்றது. மலை குடையப்படவில்லை.

எதிர்ப்பில் சொல்லப்பட்டவற்றுள் பிழையானவை இருந்தன. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை; ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் அவை நம்முள் புகுந்து எந்தத் தடமுமின்றிப் போகின்றன. ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையில் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்படுவது பற்றி, நீரூற்றுகள் பற்றி, மேய்ச்சல் நிலம் பற்றி, தங்களைக் கேட்காமலே தங்கள் மலையைப் பற்றி முடிவெடுக்கப்பட்டது பற்றி எழுந்த கேள்விகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அறிவியலாளர்கள் ஊர்களுக்குச் சென்று கூட்டம் நடத்தி விளக்கியதுண்டு, அதை மறைக்கக்கூடாது. ஆயினும் அறிவியலின் பக்கம் நின்று பேசிய பலருடைய பேச்சில் இவ்விருவகைக் கேள்விகளும் அறியாமை என்ற ஒரே பெயரில் ஒன்றாகக் கட்டப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். மியூவானையும் ரேடானையும் ஒரே கணக்கில் போட்டுத் தள்ளிவிட்டோம் என்று ஒரு மாணவன் ஆய்வுக்கூடத்தில் சொன்னால் அவனை யார் விடுவார்கள்? ஒரு கைப்பிடிக் கல்லுக்குக் காட்டப்பட்ட பொறுமை, அந்தக் கல் கிடந்த ஊருக்குக் கிட்டவில்லை.

நம் பக்கத்திற்கு இது புதிதன்று. பாலாற்றுக் கிணறுகளின் நீர் கெட்டுவிட்டது என்று மக்கள் சொன்னது, ஏற்றுமதிக் கணக்கு எழுதியவர்களின் காதில் நீண்ட காலம் வெறும் இரைச்சலாகவே விழுந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அதற்கு ஒரு வழக்கின் பெயரும் எண்ணும் கிடைத்தன. அவ்வாடை பழகிப்போன மூக்குகளுள் என் மூக்கும் ஒன்று.

தேடல் தொடர்கிறது. கெர்டா தன் பணியை முடித்து 2020இல் இறுதி முடிவை வெளியிட்டது: நியூட்ரினோ இல்லாத சிதைவு இருக்குமானால், அதன் அரை ஆயுட்காலம் 1.8ஐப் பத்தின் இருபத்தாறாம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கையிலான ஆண்டுகளுக்குக் குறையாது. அவர்கள் எட்டிய மௌனம் எப்படிப்பட்டது என்றால், ஒரு கிலோ ஜெர்மானியத்தில், தேடும் எண்ணருகே ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் அகலத்தில் ஒரே ஒரு போலி மணி அடிக்க ஏறத்தாழ 1,900 ஆண்டு காத்திருக்க வேண்டும். அவர்களும், செம்பு வளர்த்த அமெரிக்கக் குழுவினரும் சேர்ந்து அமைத்த புதிய கருவி 2023இல் அதே மலைக்கடியில் அளக்கத் தொடங்கியது. இங்கே ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் 2017இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

ஹோம்ஸ்டேக் சுரங்கத்திலும் தங்கம் எடுப்பது நின்றது. 2003இல் நீரிறைக்கும் எந்திரங்களை நிறுத்தினார்கள். ஆழமெல்லாம் நீர் நிறைந்தது. ஆய்வுக்கு அந்த ஆழம் வேண்டும் என்று முடிவானதும் 2008இல் மறுபடி இறைக்கத் தொடங்கினார்கள். தங்கவயலில் ஆய்வுக்கூடம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. இரண்டு திங்கள் ஒரு மியூவான்கூட வராமலிருந்த அந்த இடத்தில் இன்று நீர் நிற்கிறது. மேலே, சயனைடு மண்மேடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவில், கூண்டில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு இரயிலேறுகிறார்கள். இரவு கவிந்த பின்னரே திரும்புகிறார்கள்.